கொடிமரத்துப் பக்கம்

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பத்தேழு வயதில் இம்போசிஷன் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போட்டவர் எங்கள் பங்குச் சாமியார். என் வயதில் பாதி இருப்பார். மீசைகூட இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

சாம்பல் பூசிக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தவக்காலத்துக்கு எதை விடப் போகிறீர்கள் என்று கேட்டார். கறியும் மீனும் என்றேன்.

"நீங்க கறி சாப்பிடுறதே மாசத்துக்கு ஒரு தடவை. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதை விடணும் சவேரியம்மா."

"நாலு பேரைக் கிண்டல் பண்றதுதான் சாமி பிடிக்கும்."

"அப்ப அதை விடுங்க."

"அதை விட்டா மூச்சை விட்ட மாதிரி சாமி."

பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் இருந்து சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டுவிட்டது. வரிசையில் முழங்காலில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். சாமியாரே சிரிக்கிற அளவுக்கு இவள் என்ன பாவம் செய்தாள் என்று இந்நேரம் ஊர் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கும்.

வாய்க்கு வருவதைச் சொல்லாமல் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டுமாம். ஈஸ்டர் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடலாமாம். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் இல்லை சாமி என்றேன்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முப்பது வருஷம் கழித்து அதே பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு ஆயாவாகப் போய் முட்டை உரிக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் டீச்சர்களைக் கேட்கவும்.

இன்று சொல்லாமல் விட்டது: கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாரின் சம்சாரம் நெற்றிச் சாம்பலை ஃபோனில் பார்த்து வட்டமாகச் சரி செய்துகொண்டாள்.

ஜோவி தூங்கிவிட்டாள். என் தம்பி இன்னாசியின் மகள். இரண்டு வயது மூன்று மாதம். அவள் அம்மா அமலி பொங்கலுக்கு முன்னால் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிதாக ஒன்றும் இல்லை. விளையாட்டாக வந்த ஒரு பேச்சு. ஊரே சிரித்தது. அமலியும்தான் சிரித்தாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து பாஸ்கு வேஷங்களை வாசித்தார்கள். ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு, இயேசுவின் பாடுகளை மூன்று மணி நேரம் நடிப்பார்கள். திண்டுக்கல்லில் இருந்துகூட ஆட்கள் வருவார்கள். நிஜக் குதிரை வரும்.

இயேசு வேஷத்துக்கு எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. அந்த ஊதா அங்கியை அவர் பெண்டாட்டிதான் துவைத்துக் கோயில் முற்றத்தில் காயப்போட வேண்டும். இந்த வீட்டில் சமாதானம் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுகிற கொடி அது. எட்டு வருஷமாக இன்னாசிதான் இயேசு. எட்டு வருஷமும் அமலி துவைத்தாள்.

நான் எழுந்து, நான் துவைத்துத் தருகிறேன் என்றேன்.

"அக்கா துவைச்சாச் செல்லாது சவேரி," என்றார் உபதேசியார்.

சோப்பு ஒரே சோப்புதானே.

இன்னாசிக்கு இராயப்பர் வேஷம் கொடுத்தார்கள். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, சேவல் கூவியதும் அழுகிறவர். தம்பி தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

குதிரையில் வரும் ரோமாபுரித் தளபதி வேஷத்துக்கு வருஷா வருஷம் எஸ்தாக்கிதான். மினி பஸ் ஓட்டுகிறவன். நல்ல சிவப்பு, பூனைக்கண். இந்த வருஷம் வேண்டாம் என்றுவிட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என் பக்கம் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. இருக்காது. எனக்குப் பின்னால்தான் கடிகாரம் மாட்டியிருக்கிறது.

சேவல் மட்டும் மாறவில்லை. எங்கள் வீட்டுச் சேவல். பெயர் தாசில்தார். நெஞ்சை நிமிர்த்தி நடப்பதோடு சரி.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஜோவிக்குத் தலைக்கு ஊற்றினேன். தண்ணீர் பட்டால் ஊரைக் கூட்டுகிறாள். தொண்டை அப்படியே எங்கள் அப்பா தொண்டை. அந்தக் காலத்தில் அவர் இருமினால் அடுத்த தெருவில் நாய் எழுந்திருக்கும்.

ஜோவியைப் பாஸ்குவுக்குக் கூட்டி வருவாயா என்று பக்கத்து வீட்டு ரோசாலி கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்பதற்கு நிறைய இருக்கிறது. சாட்டையால் அடிப்பார்கள். ரத்தச் சாயம் இருக்கும். உயிர்க்கும்போது வேட்டுப் போடுவார்கள். தூசி. மூன்று மணி நேரத்தில் பிள்ளை நான்கு தடவை ஒன்றுக்குப் போவாள். சொந்த அப்பனைத் தாடியோடு பார்த்தால் பயப்படுவாள்.

கூட்டிப் போகலாம் என்பதற்கு ஒன்றே ஒன்று. அவளுக்குக் குதிரை பிடிக்கும்.

மார்ச் 2, சனி

ரேஷன் கடை. வரிசையில் நின்றிருந்தேன்.

"மதினி."

அமலி. மில்லில் இருந்து நேராக வந்திருக்கிறாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. "என்னடி, அதுக்குள்ள நரைச்சுட்டியா" என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

"புள்ள எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. உன்னையத் தேடவே இல்ல."

உண்மைதான். முதல் பத்து நாளை விட்டுவிட்டால் உண்மைதான்.

"ஈஸ்டர் முடிஞ்சு பஞ்சாயத்துல என்ன சொல்றாங்களோ சொல்லட்டும். அதுவரைக்கும் என்னால முடியல. ஒரு தடவை பார்க்கணும் மதினி."

தவக்காலத்தில் எங்கள் ஊரில் பஞ்சாயத்துக் கூடாது. யாரும் யாரையும் நியாயம் தீர்க்கக்கூடாது என்று பழைய சாமியார் காலத்துக் கட்டளை. அதுவரைக்கும் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே இருக்க வேண்டியது. பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கிறது.

"வீட்டுக்கு வாயேன்," என்றேன்.

"வந்தா அவரு கை நீட்டுவாரு. உங்களுக்குத் தெரியாதா? பாஸ்குக்குக் கூட்டிட்டு வாங்க. கொடிமரத்துப் பக்கம் உக்காருங்க மதினி, அங்கதான் பெரிய லைட்டு. நான் கிட்ட வரமாட்டேன். தூரத்துல இருந்து பார்த்துக்கிறேன்."

"சின்னப் புள்ளடி. சாட்டை, ரத்தம், வேட்டு. பயந்துரும்."

"போன வருசம் பயப்படலையே."

முன்னால் நின்றவள் பாமாயில் வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"மதினி, அந்தப் பேச்சு முதல்ல யார் வாயில இருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்கு எப்படிடி தெரியும்? ஊர்ல இருக்கிறவ வாய்க்குள்ள எல்லாம் நானா உக்காந்திருக்கேன்?"

என்னையே பார்த்தாள். நல்ல பெரிய கண் அவளுக்கு. பிறகு ஒரு துணிப்பையை நீட்டினாள். உள்ளே சிவப்புக் கவுன். மில் சம்பளத்தில் வாங்கியதாம். பாஸ்குவுக்கு இதைப் போட்டு விட்டால் தூரத்தில் இருந்தே அடையாளம் தெரியுமாம்.

கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்றவர்கள் காது எல்லாம் நீண்டுகொண்டு வந்தது. வேறு என்ன சொல்ல?

மார்ச் 3, ஞாயிறு

கவுன் சின்னது. பெட்டியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஒத்திகை. தாசில்தாரைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, ஜோவியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். தாடி பார்த்துப் பழகட்டும் என்றுதான்.

இன்னாசி மூன்று வாரமாக முகம் மழிக்கவில்லை. மேலே ஒரு ஒட்டுத் தாடி வேறு. ஜோவி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தாத்தா," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இன்னாசி சிரிக்கவில்லை. அவன் பிள்ளையைத் தூக்கி மூன்று மாதம் ஆகிறது. அதே வீட்டில் இருக்கிறான், அதே சோற்றைச் சாப்பிடுகிறான், அவள் காலடியில் வந்து நின்றால் பூனையைத் தாண்டுகிற மாதிரித் தாண்டிப் போகிறான்.

நான்தான் அவள் காதில், "அப்பாதான்டி அது. குரலைக் கேளு," என்றேன். அவன் வசனத்தைச் சொன்னதும் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா!" என்று கத்தினாள். அவன் வசனம் மறந்துவிட்டான்.

தாசில்தார் முதல் கேள்விக்கு முன்னாலேயே ஐந்து தடவை கூவிவிட்டது. அதற்குப் பிறகு குத்தினாலும் கூவவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மைக் செட்காரர் ஃபோனில் ஒரு சேவலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

புதுத் தளபதிக்குத் தொப்பி பெரிது. மூக்கு வரைக்கும் இறங்கி, சுவரில் போய் முட்டினார். இதைச் சொல்லாமல் இருந்ததற்கே எனக்கு மோட்சம் உண்டு.

மார்ச் 14, வியாழன்

ஜோவிக்குக் காய்ச்சல். மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். மடியில் படுத்துக்கொண்டு கண்ணைத் திறக்காமலே "அம்மா" என்றாள். "என்னடா தங்கம்," என்றேன்.

பிள்ளை கூப்பிட்டால் யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும்.

எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அவர் இருந்தபோதும் இல்லை. அதை வைத்து ஊரில் எத்தனை பேர் எத்தனை சொல்லியிருப்பார்கள். நான் முந்திக்கொண்டு என்னையே கிண்டல் செய்துவிடுவேன். முந்திக்கொண்டால் வலிக்காது. அப்படியே பழகிவிட்டது.

மார்ச் 16, சனி

காய்ச்சல் விட்டது. இட்லி ஒன்றரை தின்றாள்.

முந்தாநாள் எழுதாமல் விட்ட ஒன்று. அமலி போன அன்று இன்னாசி அவள் தலைமுடியைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினான். அவள் பிள்ளையைத் தூக்க உள்ளே ஓடி வந்தாள். பிள்ளை உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். சத்தத்தில் பிள்ளை விழித்துவிடக்கூடாது என்றுதான்.

தாழ்ப்பாள் போட்டது கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால். பழைய கதவு.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

ஓலையில் ஜோவிக்கு ஒரு சிலுவையும் ஒரு கிளியும் பின்னிக் கொடுத்தேன். சிலுவையைக் கடித்துவிட்டாள். கிளியை வைத்திருக்கிறாள்.

மத்தியானம் இன்னாசி சாப்பிட உட்கார்ந்தான். ரசம் ஊற்றினேன். சாப்பிடாமல் தட்டையே பார்த்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். நெசத்தைச் சொல்லு."

"கேளு. ஆனா ரசத்துல உப்பு இருக்கான்னு மட்டும் கேக்காத."

"விளையாடாத. அந்த எஸ்தாக்கிப் பேச்சு. முதல்ல சொன்னது நீதான்னு சொல்றாங்க."

"யாரு சொன்னா?"

"நீ சொன்னியா, இல்லையா?"

"நானாடா? ஊரு வாய்க்கு யாரு மூடி போடுறது? எவ சொன்னாளோ."

அவன் கையை உதறினான். பருக்கை தரையில் விழுந்தது.

"நீ சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா," என்றான். "நீ சொல்லியிருந்தா அது கிண்டல். உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியும். கிண்டல்னு விட்டுட்டு இன்னைக்கே போய் அவ கால்ல விழுந்து கூட்டிட்டு வந்திருவேன். நீ சொல்லலைன்னா... யாரோ எதையோ பார்த்துட்டுத்தான் சொல்லியிருக்காங்கன்னு ஆகுது."

நான் ரசப் பாத்திரத்தை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். அதற்குள் அவன் கை கழுவப் போய்விட்டான்.

உள்ளே ஜோவி கிளியோடு பேசிக்கொண்டிருந்தாள். "அத்த, கிளிக்கு மம்மு," என்றாள்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை. யாரையும் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. காய்ச்சல் எனக்கு ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

மார்ச் 31, ஈஸ்டர்

இம்போசிஷன் முடிந்தது. நோட்டைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன். கிழிப்பதற்கு முன்னால், சாமியாரிடம் "வேறு ஒன்றும் இல்லை" என்று சொன்னதை மட்டும் எழுதிவிடுகிறேன். எழுதியதும் கிழித்துவிடலாம்.

போன வருஷம் பாஸ்கு. கொடிமரத்துப் பக்கம் நாங்கள் பெண்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அமலி மடியில் ஜோவி. மேடையில் இன்னாசி சிலுவையில் தொங்குகிறான். கீழே எஸ்தாக்கி குதிரையில், தலையில் சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பியோடு எங்கள் பக்கம் வந்து நின்றான். ஜோவிக்கு அந்தக் குஞ்சம் வேண்டும். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவன் பக்கம் தாவினாள். எல்லாரும் இயேசுவைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வாய் சும்மா இருக்குமா?

"பாருங்கடி," என்றேன். "அப்பன் அங்க சிலுவையில தொங்குறான், இவ குதிரைக்காரன்கிட்டத் தாவுறா. கண்ணும் அதே பூனைக்கண்ணு. ரத்தம் ரத்தத்தைத் தேடுது!"

அவ்வளவுதான். பதினைந்து பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அமலி என் தொடையில் அடித்து, "போங்க மதினி," என்று சிரித்தாள். அன்றைக்கு நான்தான் ராணி.

மறுவாரம் குழாயடியில் அதை வேறு யாரோ சொன்னாள். அதில் "பாருங்கடி" இல்லை. அடுத்த மாதம் டீக்கடையில் ஆண்கள் சொன்னார்கள். அதில் பாஸ்குவே இல்லை. குதிரையும் சிலுவையும் எல்லாம் போய், எஸ்தாக்கியும் பூனைக்கண்ணும் மட்டும் மிச்சம். எஸ்தாக்கி வீட்டில் பாத்திரம் பறந்தது. கார்த்திகையில் ஒரு கல்யாண வீட்டில், குடித்திருந்த ஒருவன் இன்னாசி முகத்துக்கு நேராகவே சொன்னான்.

ஜோவியின் கண் எங்கள் அம்மாவின் கண். எனக்குத் தெரியும். அம்மா செத்தபோது இன்னாசிக்கு இரண்டு வயது. அவனுக்கு அந்தக் கண் ஞாபகம் இருக்காது.

எழுதிவிட்டேன். நோட்டில் இன்னும் தாள் இருக்கிறது. வீணாக்க வேண்டாம்.

ஏப்ரல் 5, வெள்ளி

நாளைக்குப் பாஸ்கு. கூட்டிப் போவதா, வேண்டாமா?

ரோசாலி வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அவளும் பாஸ்குவுக்கு வருகிறாள். ஊரே வருகிறது. நான் போகாமல் இருக்க முடியாது, தாசில்தாருக்கு நான்தான் ஆள்.

ஒருவேளை அமலியைப் பார்த்தால் ஜோவி தாவிவிடுவாள். தாவிவிட்டால், அவ்வளவு பேர் முன்னால் எப்படிப் பிடித்து வைப்பது? பஞ்சாயத்துக்கு முன்னாலேயே தீர்ப்பு ஆகிவிடும்.

முடிவு செய்துவிட்டேன். கூட்டிப் போகிறேன். வாக்கு வாக்குதான். ஆனால் கொடிமரத்துப் பக்கம் இல்லை. மேடைக்கு இந்தப் பக்கம், வேப்பமரத்து அடியில், ஆண்கள் உட்காரும் ஓரமாக. அங்கே லைட் விழாது. கூட்டி வருகிறேன் என்றுதான் சொன்னேன், எங்கே உட்காருவேன் என்று சொல்லவில்லை.

சிவப்புக் கவுனை ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே இறங்கியது. இன்னும் ஒரு வருஷம் போடலாம். கழற்றி மடித்து வைத்துவிட்டேன். நாளைக்குப் பச்சைப் பாவாடை.

ஏப்ரல் 7, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு ஆரம்பம். வேப்பமரத்து அடியில் பாய் விரித்தேன். ஒரு பக்கம் கூடை, ஒரு பக்கம் பால் பாட்டில், மடியில் ஜோவி. கொடிமரத்துப் பக்கம் பெரிய விளக்கு எரிந்தது. அமலி அங்கே நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை. ஒவ்வொரு பாயாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு மறுபடி முதலில் இருந்து. சிவப்பைத் தேடுகிறாள். நான் முந்தானையை இழுத்து ஜோவிக்குப் போர்த்தினேன். பனி இறங்குகிற நேரம்.

சித்திரை பிறக்க ஒரு வாரம் இருக்கிறது. பனி ஏது.

ஜோவி நல்ல பிள்ளை. ஓசன்னா பாட்டுக்குக் கை தட்டினாள். இராப்போசனத்தில் எல்லாருக்கும் அப்பம் கொடுத்தபோது தனக்கும் ஒன்று கேட்டாள். பிஸ்கட் கொடுத்தேன். நான் பயந்த எதற்கும் அவள் பயப்படவில்லை.

பிறகு இராயப்பர் கட்டம். மேடையில் நெருப்பு மாதிரிச் சிவப்பு பல்பு. அதில் இன்னாசி குளிர் காய்கிறான். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வேலைக்காரியாக வந்து, "நீயும் அந்த மனிதரோடு இருந்தவன்தானே?" என்று கேட்டாள்.

"இல்லை. எனக்குத் தெரியாது," என்றான் இன்னாசி. மைக்கில் நன்றாகக் கேட்டது.

மடியில் ஜோவி நிமிர்ந்தாள். குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் குரலை நான்தானே பழக்கினேன்.

இரண்டாவது ஆள் கேட்டான். "எனக்குத் தெரியாது," என்றான்.

"அப்பா!"

எங்கள் அப்பா தொண்டை. மைதானம் முழுக்கக் கேட்டது. முந்தானையை உதறிவிட்டு எழுந்து நின்றாள். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். இன்னாசி இந்தப் பக்கம் திரும்பினான். இருட்டில் அவனுக்கு நாங்கள் தெரிந்திருக்காது, ஆனால் எங்கே என்று தெரிந்துவிட்டது.

மூன்றாவது கேள்வி. அந்தப் போர்வீரன் பயத்தில் கொஞ்சம் அவசரமாகவே கேட்டுவிட்டான். இன்னாசி இந்தப் பக்கம் பார்த்தபடியே, மெதுவாக, "எனக்குத் தெரியவே தெரியாது," என்றான்.

"அப்பா, நான் ஜோவி!"

தெரியாது என்கிறானே, பெயர் சொன்னால் தெரிந்துவிடும் என்று நினைத்துவிட்டாள். மறுபடியும் சொன்னாள். "ஜோவி அப்பா! ஜோவி!"

மைதானமே சிரித்தது. அப்போது ஆண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல். யார் என்று தெரியவில்லை. "குதிரைக்காரனைக் கூப்புடு பாப்பா! ரத்தம் ரத்தத்தைத் தேடுது!"

வார்த்தை மாறாமல் அப்படியே. ஒரு வருஷம் கழித்து என் வார்த்தை ஊரெல்லாம் சுற்றிவிட்டு, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. சிரிப்பு இன்னும் பெரிதாக எழும்பியது. நன்றாகச் சொன்னால் ஜனம் சிரிக்கத்தான் செய்யும்.

சேவல் கூவ வேண்டும். நான் கூடையைத் திறக்க மறந்துவிட்டேன். மைக் செட்காரர் ஃபோன் சேவலைப் போட்டார். இன்னாசி அழுதான். ஒரு நிமிஷம் அழ வேண்டும் என்று எழுதியிருந்தது. அவன் நிறுத்தவில்லை. மைக்கைப் பிடுங்கும் வரைக்கும் அழுதான்.

தலையைத் தூக்கினேன். எதிரே அமலி நின்றாள். இருட்டில், பாய்களை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பச்சைப் பாவாடையைப் பார்த்தாள். முந்தானையைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

ஜோவி ஒரு கணம் அவளை யார் என்று பார்த்தாள். எனக்கு அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. அப்புறம் தாவிவிட்டாள். போன வருஷம் குஞ்சத்துக்குத் தாவினாளே, அதே மாதிரி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

நான் பிடிக்கவில்லை. என் கையில் பால் பாட்டில் இருந்தது.

முடிந்ததும் உபதேசியார் இன்னாசிக்குச் சால்வை போட்டார். இந்த மாதிரி ஒரு இராயப்பரை இந்த ஊர் பார்த்ததே இல்லை என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள்.

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தேன். வீட்டு வாசல் வந்ததும் கூடைக்குள் இருந்து தாசில்தார் கூவியது. நேரம் கெட்ட நேரத்தில்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பஞ்சாயத்து. கோயிலுக்குப் பக்கத்துக் கூடம். சாமியார் நடுவில். ஜோவி அமலி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே இரண்டு ஜடை போடுகிறார்கள் போல. நான் ஒன்றுதான் போடுவேன்.

இன்னாசி சவரம் செய்துகொண்டு வந்திருந்தான். முகம் வெளுத்துப் போய், யார் முகத்தையோ கடன் வாங்கிய மாதிரி இருந்தது. "புள்ள அவகிட்டயே இருக்கட்டும் சாமி. எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றான். மேடையில் சொன்ன அதே குரல்.

"இந்தப் பேச்சை யார் ஆரம்பிச்சதுன்னு யாருக்காவது தெரியுமா?" என்று சாமியார் கேட்டார்.

ஒரு வருஷமாகப் பேசிய வாய் எல்லாம் அன்றைக்குப் பேசாமல் இருக்கிற ஒறுத்தல் எடுத்துக்கொண்டது.

நான் எழுந்தேன். "நான்தான் சாமி," என்றேன். "பாஸ்கு அன்னைக்குக் கொடிமரத்துப் பக்கத்துல வச்சு நான்தான் சொன்னேன். கிண்டலுக்குச் சொன்னது. அந்தக் கண்ணு எங்க அம்மா கண்ணு."

உபதேசியார் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா சாமி! தவக்காலம் முடிஞ்சதும் சவேரி ஆரம்பிச்சுட்டா!"

கூடம் சிரித்தது. ரோசாலி முந்தானையால் வாயைப் பொத்தினாள். போன வருஷம் அவளும் அங்கேதான் இருந்தாள், என் இடது பக்கம். எல்லாரும் சொன்னது எனக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும் என்று நினைத்தாளோ என்னவோ. அப்படியே என் கையைப் பிடித்து உட்கார இழுத்தாள்.

"நெசமாத்தான் சொல்றேன்," என்றேன். இன்னும் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கப் பழக்கியது நான்தான். முப்பது வருஷப் பழக்கம்.

இன்னாசி சிரிக்கவில்லை. "போதும்க்கா. என்னையக் காப்பாத்துறதா நினைச்சுக்கிட்டு உன் தலையில போட்டுக்காத. அன்னைக்குக் கேட்டப்பவே சொல்லிட்டியே," என்றான். எழுந்து வெளியே போய்விட்டான்.

சாமியார் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஆனால் பெட்டிக்குள் அன்றைக்குச் சிரித்தவர் அவர். பிள்ளை அம்மாவிடமே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்.

கூட்டம் கலைந்தது. சிவப்புக் கவுனைக் கொண்டு போயிருந்தேன். வாசலில் வைத்து அமலியிடம் கொடுத்தேன்.

"சரியா இருக்கும். கொஞ்சம் பெருசு," என்றேன்.

வாங்கிக்கொண்டாள். ஜோவியைத் தோள் மாற்றிப் போட்டாள். பிள்ளை தூக்கத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்தாள், எச்சில் வழிந்தது. நான் துடைக்கக் கையை எடுத்தேன். அமலி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"போன வருசம் நானும் உங்ககூடச் சேர்ந்து சிரிச்சேன்ல மதினி," என்றாள். "இந்த வருசம் முடியல."

போய்விட்டாள்.

ஏப்ரல் 15, திங்கள்

தாசில்தாரை அடித்துக் குழம்பு வைத்தேன். அடுத்த வருஷம் அதற்கு வேலை இல்லை, மைக் செட்காரர் ஃபோனிலேயே பார்த்துக்கொள்வார். கறி முற்றல். மூன்று விசில் விட்டும் வேகவில்லை, ஐந்து விட்டேன். இன்னாசி ஒரு துண்டு மட்டும் சாப்பிட்டான்.

ஈரலைக் காரம் போடாமல் சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து, ஆறட்டும் என்று ஜன்னலில் வைத்திருந்தேன். பூனை தின்றுவிட்டது. கிண்ணம் விழுந்து உடைந்தது.